மெப்புக்கு ஒரு முகம்: சுவர் எழுப்பிய நகரில் மோட்டவுன் இசை

டெட்ராய்ட் நகரின் வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டில், 1960களின் நடுவில், மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடகர்களுக்கென்று ஒரு வகுப்பு நடந்தது. அங்கே பாட்டுச் சொல்லித்தரவில்லை. மேடையில் எப்படி நடப்பது, உயரமான முக்காலியில் எப்படி அமர்வது, காரிலிருந்து எப்படி இறங்குவது, நிருபரிடம் எந்தத் தொனியில் பேசுவது ஆகியவைதாம் பாடங்கள். ஆசிரியையின் பெயர் மேக்சின் பவல். படித்தவர்களில் பலர் பள்ளியை முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆன கறுப்பினப் பெண்கள். அரசர்களும் அரசிகளும் அமர்ந்திருக்கும் அவையில் பாட உங்களைத் தயார் செய்கிறேன் என்று பவல் அவர்களிடம் சொல்வது வழக்கம்.

பாடகர் மார்வின் கே அந்தப் பயிற்சிக்குப் போக மறுத்தவர். பவலும் அவரை அதிகம் திருத்தவில்லை. அவரிடம் சுட்டிய குறை ஒன்றுதான்: கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறீர்கள், பார்க்கிறவர்களுக்கு நீங்கள் தூங்குவதுபோல் இருக்கிறது, கண்ணைத் திறங்கள்.

பாடுகிறவர் கண்ணை மூடினால் அவருக்கு எதிரில் யாரும் இல்லை. திறந்தால் எதிரில் இருப்பவரின் முகம் தெரியும். அந்த முகம் மலர்கிறதா, சுளிக்கிறதா என்பதும் தெரியும். பிறகு பாட்டு அந்த முகத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கும். நம் ஊர்ப் பேச்சில் இதை 'மெப்புக்குச் செய்வது' என்பார்கள். பிறர் மெச்ச வேண்டும், யார் மனமும் கோணக் கூடாது என்பதையே குணமாக்கிக்கொண்டவர்களுக்காக இன்று எத்தனையோ அறிவுரை நூல்கள் வருகின்றன. 'முடியாது' என்று சொல்லப் பழகு என்பது அவற்றின் சாரம். குறை தனிமனிதரின் மனத்தில் இருக்கிறது, மருந்தும் அங்கேயே இருக்கிறது என்பது அவற்றின் எண்ணம்.

டெட்ராய்ட்டின் இசை வரலாறு இந்த எண்ணத்துக்கு இடம் கொடுப்பதில்லை. அந்த நகரத்தில் மெப்புக்கு நடப்பது, சுவரைத் தாண்ட விரும்பியவர்கள் கட்டிய சுங்கம். அதைக் கட்டுவதை நிறுத்தியவர்களும் மனவுறுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்தவில்லை.

கூலி உண்டு, வீடு இல்லை

1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தன் தொழிற்சாலையில் நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு நோக்கி ரயிலேறிய காலம் அது. டெட்ராய்ட்டில் 1910இல் 5,741 பேராக இருந்த கறுப்பின மக்கள், 1920இல் 40,838 ஆகவும் 1930இல் 1,20,066 ஆகவும் பெருகினார்கள். அவர்களுக்கு வேலை கிடைத்தது. அதற்கேற்ப வசிக்க இடம் கிடைக்கவில்லை.

1925 செப்டம்பரில் ஓசியன் ஸ்வீட் என்ற கறுப்பின மருத்துவர் வெள்ளையர் வசித்த தெருவில் வீடு வாங்கிக் குடியேறினார். மறுநாள் இரவே ஒரு கும்பல் வீட்டைச் சூழ்ந்து கல்லெறிந்தது. உள்ளேயிருந்து சுட்டதில் வெளியே ஒருவர் இறந்தார். வீட்டிலிருந்த 11 பேர் மீது கொலை வழக்கு பதிவானது. புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ வாதாடினார். முதல் விசாரணையில் நடுவர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. 1926இல் நடந்த இரண்டாம் விசாரணையில் மருத்துவரின் தம்பி விடுதலையானார். வழக்கு அத்துடன் முடிந்தாலும், கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. வீட்டுப் பத்திரங்களில் 'கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது' என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல்தான் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான வழக்குகளில் ஒன்று டெட்ராய்ட்டிலிருந்து போனது.

1941இல் கோடு சுவராகவே எழுந்தது. நகரின் வட எல்லையான எட்டாம் மைல் சாலைக்கு அருகே ஒரு கட்டுமான வணிகர் வெள்ளையருக்காக வீடுகள் கட்ட விரும்பினார். பக்கத்தில் கறுப்பினத்தவர் குடியிருப்பு இருந்ததால் கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகம் கடனுக்கு உறுதியளிக்க மறுத்தது. அவர் ஏறத்தாழ ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் சுவரை எழுப்பினார். கடன் கிடைத்தது. பிர்வுட் சுவர் என்று அதற்குப் பெயர், இன்றும் நிற்கிறது.

ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் ஒரு வாழ்க்கை இருந்தது. பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற குடியிருப்புகளின் முதுகெலும்பு ஹேஸ்டிங்ஸ் தெரு. மிசிசிப்பியிலிருந்து வந்து, பகலில் கார் ஆலைகளில் துப்புரவு வேலை பார்த்த ஜான் லீ ஹூக்கர், 1948இல் பதிவு செய்த 'பூகி சில்லன்' பாட்டில் அந்தத் தெருவின் பெயரையே கோத்தார். தரையைக் காலால் தட்டித் தாளம் போட்டு, ஒரே சுருதியைச் சுற்றிச் சுற்றி வரும் பாட்டு அது. அதே தெருவில் ஜோ வான் பேட்டில் என்பவர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். நியூ பெத்தேல் தேவாலயத்தில் போதகர் சி. எல். ஃப்ராங்க்ளின் ஆற்றிய பிரசங்கங்களைப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்றவர் அவர்தான். போதகரின் மகள் அரீத்தா 1956இல், 14 வயதில், பாடிய பக்திப் பாடல்களையும் அவரே பதிவு செய்தார்.

இந்த இசை எவர் முகத்தையும் பார்த்துத் தயங்கவில்லை. கேட்டவர்கள் சொந்தச் சனம். அவர்களுக்குப் புரிய வேண்டியது புரிந்தது. இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. வாடகை அதிகம், வீடுகள் பழையவை, வருமானம் குறைவு. 1943 ஜூன் கலவரத்தில் இறந்த 34 பேரில் 25 பேர் கறுப்பினத்தவர். அவர்களில் 17 பேரைக் கொன்றது போலீஸ். என்றாலும், மெப்பைப் பற்றிக் கவலைப்படாமல் பாட ஓர் இடம் இருந்தது. 1950களின் இறுதியில் கிரைஸ்லர் நெடுஞ்சாலைக்காக ஹேஸ்டிங்ஸ் தெரு இடிக்கப்பட்டது. சுவரைத் தாண்டிப் பாடுவதா, உள்ளேயே பாடுவதா என்ற கேள்வி எழுந்த நேரத்தில் உள்ளே என்று சொல்லிக்கொள்ள இருந்த தெருவே போய்விட்டது.

ஒரு டாலருக்கு ரொட்டியா, பாட்டா

மோட்டவுனைத் தொடங்கிய பெர்ரி கோர்டியின் முதல் வியாபாரம் இசைத்தட்டுக் கடை. அவருக்கு ஜாஸ் பிடிக்கும். கடையில் ஜாஸ் அடுக்கினார். வந்தவர்கள் ஜான் லீ ஹூக்கர் இருக்கிறதா என்று கேட்டார்கள். தொழிற்சாலையிலிருந்து களைத்து வருகிறவர்களுக்கு அவர் ஜாஸின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார். 1955இல் கடை மூடப்பட்டது. தனக்குப் பிடித்ததை விற்று நஷ்டப்பட்ட மனிதர், அடுத்த முறை எதிரில் இருப்பவரின் விருப்பத்திலிருந்து தொடங்கினார்.

இடையில் லிங்கன்-மெர்க்குரி கார் ஆலையில் வேலை பார்த்தார். ஒரு முனையில் வெறும் சட்டகமாக நுழைந்து மறுமுனையில் பளபளக்கும் காராக வெளியேறும் வரிசை அவர் மனத்தில் தங்கியது. 1959 ஜனவரியில் குடும்பச் சேமிப்பு நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி நிறுவனம் தொடங்கினார். அந்தக் குடும்பம் ஒருகாலத்தில் நடத்திய மளிகைக் கடைக்கு புக்கர் டி. வாஷிங்டனின் பெயர். உழைத்துச் சேர்த்துத் தகுதியைக் காட்டினால் மதிப்பு தானே வரும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த வீடு. வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டு 2648ஆம் எண் வீட்டை வாங்கி, முகப்பில் 'ஹிட்ஸ்வில் யுஎஸ்ஏ' என்று எழுதி மாட்டினார் கோர்டி. மோட்டார் டவுன் என்பது சுருங்கி மோட்டவுன் ஆயிற்று.

கார் ஆலையில் தரச்சோதனை உண்டு. இங்கும் வெள்ளிக்கிழமை காலைகளில் அது நடந்தது. புதுப் பாட்டைப் போட்டுவிட்டுக் கோர்டி ஒரு கேள்வி கேட்பார். பசிக்கிறது, கையில் ஒரே ஒரு டாலர் இருக்கிறது. இந்தப் பாட்டை வாங்குவீர்களா, ரொட்டி வாங்குவீர்களா? ரொட்டி என்று சொல்லிவிட்டால் பாட்டுக்கு வேலை இருக்கிறது என்று பொருள். பதிவைக் கார் வானொலியின் சின்ன ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பார்கள், வாங்கப்போகிற இளைஞர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்பதால்.

அந்த வானொலியில்தான் சூட்சுமம் இருந்தது. சுவர் ஆளை நிறுத்தும், ஒலியை நிறுத்தாது. ஆற்றுக்கு அப்பால் கனடாவிலிருந்து ஒலிபரப்பான சிகேஎல்டபிள்யூ நிலையத்தை எட்டாம் மைல் சாலையின் இரு பக்கத்தாரும் கேட்டார்கள். இசைத்துறையோ பட்டியல்களை இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று வெளிப்படையாகவே அழைத்த பட்டியலை பில்போர்டு இதழ் 1949இல் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது; பெயர் மாறினாலும் பிரிவினை இருந்தது. ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுவதே கோர்டியின் குறி. 'இளம் அமெரிக்காவின் ஒலி' என்பது அவர் நிறுவனத்துக்குத் தந்த அடைமொழி. அதில் இனத்தின் பெயர் கிடையாது. மார்வெலெட்ஸ் குழுவின் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' 1961 டிசம்பரில் நாட்டின் பொதுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மோட்டவுனுக்கு அது முதல் முறை.

உறையில் இல்லாத முகங்கள்

அந்தப் பாட்டின் பெயரில் வந்த இசைத்தட்டின் உறையில் பாடிய பெண்கள் இல்லை. ஓர் அஞ்சல்பெட்டி இருந்தது. 1966இல் ஐஸ்லி பிரதர்ஸ் குழுவின் இசைத்தட்டு ஒன்று, கடற்கரையில் இருக்கும் வெள்ளையின இளம் ஜோடியின் படத்துடன் வந்தது. கறுப்பு முகத்தைப் பார்த்தால் தென்மாநிலக் கடைகள் தட்டை அடுக்கத் தயங்கும் என்பது கணக்கு. குரல் வேண்டும், முகம் வேண்டாம் என்று சுவருக்கு அப்பால் இருந்தவர்கள் கேட்கும்முன்பே நிறுவனம் தானாக ஏற்றுக்கொண்டது. மெப்புக்கு நடக்கும் பழக்கத்தின் உள்ளியக்கமே இதுதான். எதிராளி வாய் திறக்கும் முன்பே அவர் என்ன சொல்வார் என்று ஊகித்து, அதற்கேற்ப நம்மை நாமே வெட்டிக்கொள்வது.

நேரில் போனபோது சுவர் கயிறாக எதிர்ப்பட்டது. 1962இல் மோட்டவுன் பாடகர்கள் பேருந்தில் தென்மாநிலங்களைச் சுற்றினார்கள். சில அரங்குகளில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தது. அலபாமாவின் பர்மிங்காமில் பேருந்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள்.

மேக்சின் பவலின் வகுப்பை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். மோட்டவுனுக்கு வரும் முன்பே அவர் டெட்ராய்ட்டில் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தி, கார் நிறுவன விளம்பரங்களில் கறுப்பினப் பெண்களுக்கு இடம் வாங்கிக்கொடுத்தவர். பணிந்து போ என்பது அவர் பாடமல்ல. உன் மதிப்பு உனக்குத் தெரிந்தால்தான் மற்றவர் அதை மறுக்க முடியாமல் போகும் என்று அவர் நம்பினார். கறுப்பினப் பெண்களின் தேவாலய இயக்கங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஈவ்லின் ப்ரூக்ஸ் ஹிக்கின்பாதம் 1993இல் இதற்கு 'கண்ணிய அரசியல்' என்று பெயர் சூட்டினார். இழிவாகப் பார்க்கிறவர்களின் வாயை ஒழுக்கத்தால் அடைப்பது ஒரு போராட்ட உத்தி. சிக்கல் என்னவென்றால், கண்ணியத்தின் அளவுகோலை அந்த மற்றவரிடமே விட்டுவிடுகிறோம்.

உத்தி பலித்தது. டயானா ராஸ், மேரி வில்சன், ஃப்ளாரன்ஸ் பாலர்ட் மூவரும் ப்ரூஸ்டர்-டக்ளஸ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். சுப்ரீம்ஸ் என்ற பெயரில் 1965 ஜூலையில் நியூயார்க்கின் கோபகபானா விடுதியில் பாடினார்கள். வெள்ளையின மேட்டுக்குடியினர் கூடும் இடம். நிகழ்ச்சியில் அவர்களுக்குப் பழக்கமான பழைய மெட்டுகள் நிறைய. 1964 முதல் 1969 வரை அந்தக் குழுவின் 12 பாடல்கள் முதலிடம் பிடித்தன.

விலையையும் சொல்ல வேண்டும். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சிரிப்பதே வேலையாகும்போது உணர்ச்சியும் விற்பனைப் பொருளாகிறது என்று காட்டினார். பலமான குரல் கொண்ட ஃப்ளாரன்ஸ் பாலர்ட் தான் தொடங்கிய குழுவில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார். அந்த வருத்தத்தை மேடைச் சிரிப்பால் மூட அவருக்கு முடியவில்லை. 1967இல் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, வறுமையில் உழன்று, 1976இல் 32 வயதில் இறந்தார். முகம் சுளித்தவருக்கு வேறு போக்கிடம் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை அவர் வாழ்க்கை சொல்கிறது.

பகல் இசை, இரவு இசை

ஹிட்ஸ்வில் வீட்டின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அங்கு வாசித்தவர்கள் வைத்த பெயர் 'பாம்புக்குழி'. தரையெல்லாம் ஒயர்கள். ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்ட அந்த வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் ஜாஸ் கலைஞர்கள். பகலில் மூன்று நிமிடப் பாட்டுக்கு வாசித்துவிட்டு, இரவில் நகரத்தின் சிறு விடுதிகளில் தங்களுக்குப் பிடித்ததை வாசிப்பார்கள். கிட்டார் வாசித்த ஜோ மெசினா வெள்ளையர். நகரம் பிரித்து வைத்தவர்கள் அந்தக் குழியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள்.

ஒரு பழக்கம் முழுதும் ஆளை விழுங்காமல் இருக்க எது உதவுகிறது என்பதற்கு இவர்கள் நல்ல சாட்சி. மெப்புக்கு வாசிக்கும் இடம் ஒன்று, தனக்காக வாசிக்கும் இடம் வேறொன்று என்று இரண்டையும் வைத்திருந்தார்கள். ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரில், எளிய காதல் பாட்டுக்கு அடியிலும் ஜாஸ் நெளிந்துகொண்டிருக்கும். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு குறை உண்டு. பகல் இசைக்கு அவர்கள் பெயர் போடப்படவில்லை. அமெரிக்கா முழுதும் ஆடிய பாட்டுகளில் வாசித்தவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியாது.

1967

இந்த ஆண்டில் டெட்ராய்ட் மக்களிடமிருந்து இரண்டு மறுப்புகள் எழுந்தன. ஒன்று அரீத்தா ஃப்ராங்க்ளினுடையது. அவர் மோட்டவுனில் சேரவில்லை. 1960இலிருந்து கொலம்பியா நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள், விடுதிகளுக்கு ஏற்ற மெட்டுகளும் மெல்லிசையுமாகப் பாடியும் பெரிய வெற்றி கிட்டவில்லை. 1967 ஜனவரியில் அட்லான்டிக் நிறுவனத்துக்காக முதல் பதிவு நடந்தபோது அவரைப் பியானோவின் முன் உட்கார வைத்தார்கள். நியூ பெத்தேல் தேவாலயத்தில் வாசித்த அதே கை, பாடிய அதே தொண்டை. ஓட்டிஸ் ரெடிங் ஆணின் குரலில் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாட்டைப் பெண்ணின் கோரிக்கையாக மாற்றிப் பாடினார். ஜூனில் அது முதலிடம் பிடித்தது. மற்றவருக்காக ஏற்றுக்கொண்ட நளினத்தைக் கழற்றியதும் அதுவரை மெச்சாதவர்களும் மெச்சினார்கள். ஆனால் அவர் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. தந்தையின் சபை, ஹேஸ்டிங்ஸ் தெருவை இழந்தும், லின்வுட் சாலையில் கூடிக்கொண்டிருந்தது.

மற்றொன்று தெருவினுடையது. ஜூலை 23 அதிகாலை, 12ஆம் தெருவில் உரிமமில்லாமல் நடந்த ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் நுழைந்து அங்கிருந்தவர்களைக் கைது செய்தது. கூடிய கூட்டம் கலையவில்லை. ஐந்து நாள்களில் 43 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். 7,200க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ராணுவம் இறங்கியது. ஹேஸ்டிங்ஸ் தெருவை இழந்து 12ஆம் தெருவுக்கு மாறியிருந்த ஜோ வான் பேட்டிலின் கடையும் அதிலிருந்த ஒலிநாடாக்களும் அழிந்தன. நகரின் ஃபாக்ஸ் அரங்கில் அப்போது பாடிக்கொண்டிருந்த மார்த்தா ரீவ்ஸ், பாட்டை நிறுத்திச் செய்தியைச் சொல்லிக் கூட்டத்தை அமைதியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

கண்ணியமாக நடந்தால் மதிப்பு வரும் என்ற கணக்கு, மேடையில் 12 பேருக்குப் பலித்திருக்கலாம்; 12ஆம் தெருவில் பலிக்கவில்லை. இதற்குப் பிறகும் மோட்டவுன் தயங்கித் தயங்கித்தான் அடி வைத்தது. 1970இல் டெம்ப்டேஷன்ஸ் குழு பாடிய போர் எதிர்ப்புப் பாட்டான 'வார்' தனித்தட்டாக வேண்டும் என்று கேட்பவர்கள் கடிதம் எழுதினார்கள். பெரிய குழுவின் ரசிகர்களை இழக்க விரும்பாமல், அதை எட்வின் ஸ்டார் என்ற அவ்வளவு பெயரெடுக்காத பாடகருக்குக் கொடுத்தது நிறுவனம். அந்தப் பதிவும் முதலிடம் பிடித்தது.

மறுப்பும் அதன் கைமுதலும்

மார்வின் கே பிறவிக் கலகக்காரர் அல்ல. அவர் ஆசைப்பட்டது நாட் கிங் கோலைப் போல மென்மையாகப் பாடி, நாகரிகமான விடுதிகளில் பேரெடுக்க. அப்படிப் பாடி 1961இல் வந்த முதல் இசைத்தட்டு போணியாகவில்லை. பிறகு நிறுவனம் விரும்பிய வகையில் பாடி நட்சத்திரமானார். கோர்டியின் அக்கா ஆனாவை மணந்தார். கண்டிப்பான மதபோதகரான தந்தை அடித்து அடித்து வளர்த்த பிள்ளை. யாருடைய முகக்குறிப்பையும் சட்டென்று படிக்கக் கற்றிருந்தார். குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வினிகாட் 1960இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பெரியவர்களின் தேவைக்கு வளைந்து கொடுத்தே வளரும் குழந்தை ஒரு 'பொய்த் தன்மை'யை அணிந்துகொள்கிறது என்றார். மெய்யான ஒன்றைக் காப்பதற்காகவே அந்தப் பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மூன்று அடிகள் அவரை உலுக்கின. இணைப் பாடகியான டாமி டெரெல் 1967இல் மேடையிலேயே சரிந்து விழுந்தார். மூளைக் கட்டியால் 1970 மார்ச்சில், 24 வயதில், இறந்தார். தம்பி ஃப்ராங்கி வியட்நாம் போரிலிருந்து திரும்பி, பார்த்ததைச் சொன்னார். மார்வின் வாழ்ந்த நகரமே எரிந்திருந்தது. ஃபோர் டாப்ஸ் குழுவின் ஓபி பென்சன், 1969இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் போலீஸ் இளைஞர்களைத் தாக்கியதைக் கண்டு தொடங்கிய ஒரு பாட்டு, பென்சனின் சொந்தக் குழுவே வேண்டாம் என்று சொன்னபின் மார்வினிடம் வந்து சேர்ந்தது. 'வாட்ஸ் கோயிங் ஆன்'.

1970 ஜூனில் பதிவு நடந்தது. ஜேமர்சனை விடுதிகளில் தேடிப் பிடித்து வந்தார்கள். நேராக உட்கார முடியாத நிலையில் இருந்ததால் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்தார் என்றார் இசையமைப்பை ஒழுங்குசெய்த டேவிட் வான் டிபிட். பின்னணிக் குரல்களில் மார்வினின் நண்பர்களான அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் இருவரும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தன் குரலின் இரண்டு பதிவுகளைக் கேட்டார் மார்வின். ஒலிப்பொறியாளர் தற்செயலாக இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டார். அப்படியே இருக்கட்டும் என்றார் மார்வின். ஒருவரே தன்னோடு பேசிக்கொள்வதுபோல் கேட்கும் அந்த இரட்டைக் குரல் பிறகு அவர் முத்திரையாயிற்று. பிறர் கண்ணால் தன்னைப் பார்த்துக்கொள்ளும் இரட்டை மனத்தைப் பற்றிக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1903இலேயே எழுதியிருந்தார். இந்தப் பாட்டில் இரண்டு குரலும் மார்வினுடையவை.

கோர்டிக்குப் பாட்டில் விருப்பமில்லை. மார்வினின் காதல் நாயகன் பிம்பம் கெடும் என்பது அவர் கவலை. இதை வெளியிடாவிட்டால் இனிமேல் எதையும் பதிவு செய்ய மாட்டேன் என்றார் மார்வின். அறிவுரை நூல்கள் பரிந்துரைக்கும் 'முடியாது' இதுதான். ஆனால் அதைச் சொல்ல அவரிடம் கைமுதல் இருந்தது. 1968 டிசம்பரிலிருந்து ஏழு வாரம் முதலிடத்தில் இருந்து, அதுவரை மோட்டவுன் கண்டிராத அளவு விற்ற 'ஐ ஹேர்டு இட் த்ரூ த கிரேப்வைன்' அவர் பாடியது. அதையும் தரச்சோதனைக் கூட்டம் முதலில் ஒதுக்கியிருந்தது. முதலாளியின் மைத்துனர் என்ற உறவும் இருந்தது. இவை எதுவும் இல்லாத ஃப்ளாரன்ஸ் பாலர்டின் மறுப்பு வேலைநீக்கத்தில் முடிந்தது.

1971 ஜனவரியில் தனித்தட்டு வெளிவந்து விற்றுத் தீர்ந்தது. பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம். மே மாதம் வந்த முழு இசைத்தட்டில் ஒன்பது பாட்டுகள் இடைவெளியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. போரும், போதையும், மாசுபட்ட காற்றும், நகரத்து ஏழையின் வரிச்சுமையும் பேசுகின்றன. குரலில் கோபம் குறைவு. கேட்கிறவரைத் திட்டவில்லை, தோளில் கை போட்டுக் கேட்கிறது. மெப்புக்கு நடப்பதை விட்டவர் கடுகடுப்பாக மாற வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மோட்டவுனில் கற்ற இனிமை அப்படியே இருந்தது. அது யார் ஏவலுக்கு ஆட வேண்டும் என்பதுதான் மாறியிருந்தது. உறையில் ஃபங்க் பிரதர்ஸின் பெயர்கள் அச்சாகியிருந்தன. மோட்டவுன் இசைத்தட்டில் அதுவே முதல் தடவை. தன்னை மீட்டுக்கொண்டவர் கூட இருந்தவர்களையும் வெளிச்சத்துக்கு இழுத்துவந்தார்.

அதே மே மாதம் 13ஆம் தேதி மோட்டவுனின் இன்னொரு பாடகரான ஸ்டீவி வொண்டருக்கு 21 வயது நிறைந்தது. சிறுவனாகப் போட்ட ஒப்பந்தம் முடிந்தது. சேர்ந்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு நியூயார்க் போய்த் தன் செலவில் பதிவு செய்தார். இசையின் கட்டுப்பாடு தன் கையில் என்று எழுதிய, சுமார் 120 பக்க ஒப்பந்தத்தோடுதான் மோட்டவுனுக்குத் திரும்பினார். பிறப்புச் சான்றிதழும் வழக்கறிஞரும் சேர்ந்து சொன்ன 'முடியாது' அது.

தீராத பாக்கி

இந்தக் கதை வெற்றியோடு முடிவதில்லை. 1972இல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. வாத்தியக்காரர்களுக்குச் செய்தி ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவில் ஒட்டிய ஒரு தாளாக வந்தது. 1974இல் மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில், டெட்ராய்ட்டின் பள்ளிப் பிரிவினையைச் சரிசெய்யப் புறநகர்ப் பள்ளிகளைச் சேர்க்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது. எட்டாம் மைல் சாலைக்கு அப்பால் இருந்தவர்கள் மார்வின் கேயைக் கேட்டார்கள். அவர் ஊர்ப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகள் படிப்பதை ஏற்கவில்லை. மெச்சுவது வேறு, சமமாக நடத்துவது வேறு.

மார்வினும் முழுதாக மீளவில்லை. நிறுவனத்திடம் 'முடியாது' என்று சொல்ல முடிந்தவருக்குத் தந்தையின் மெச்சல் கடைசிவரை கிட்டவில்லை. 1984 ஏப்ரல் 1ஆம் தேதி, தன் 45ஆம் பிறந்தநாளுக்கு முந்திய நாள், தந்தை சுட்டதில் மார்வின் இறந்தார். ஒரு வாசலில் விட்ட பழக்கம் இன்னொரு வாசலில் காத்திருக்கிறது. பாட்டோ ஒப்பந்தமோ எட்டாத அறைகள் மனத்தில் உண்டு.

ஆனால் ஊர் கற்றுக்கொண்டது. மோட்டவுன் போன ஆண்டில் வெண்டல் ஹாரிசனும் ஃபில் ரேனலினும் 'ட்ரைப்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1990 வாக்கில் டெக்னோ இசையில் 'அண்டர்கிரவுண்டு ரெசிஸ்டன்ஸ்' என்ற குழு எழுந்தது. பெரிய நிறுவனங்களைத் தவிர்த்தார்கள். முகமூடி அணிந்தார்கள், படத்துக்கு முகம் காட்ட மறுத்தார்கள். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கடைக்காரர் மனம் கோணாதிருக்க மறைக்கப்பட்ட கறுப்பு முகம், இப்போது தானாக விரும்பி மறைந்துகொண்டது. அவர்களின் கட்டடம் ஈஸ்ட் கிராண்ட் பூல்வார்டு 3000ஆம் எண். ஹிட்ஸ்வில் வீடு மேற்கில் இருக்கிறது; இது கிழக்கில்.

இன்று ஹிட்ஸ்வில் அருங்காட்சியகம். பிர்வுட் சுவரின் ஒரு பகுதியில் 2006இல் ஊர்மக்கள் வண்ணப் படங்கள் வரைந்தார்கள். 'வாட்ஸ் கோயிங் ஆன்' உறையின் படம் மார்வினின் டெட்ராய்ட் வீட்டுப் பின்கட்டில் எடுத்தது. அஞ்சல்பெட்டி இல்லை, கடற்கரை ஜோடி இல்லை; முகம் மட்டும், உறை முழுவதும். தலைமுடியிலும் கறுப்பு மழைக்கோட்டின் காலரிலும் ஆலங்கட்டித் தூறலின் துளிகள். மேக்சின் பவல் சொன்னபடி கண்கள் திறந்துதான் இருக்கின்றன. ஆனால் அவர் நம்மைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், தூரத்தில், வேறெதையோ பார்த்துக்கொண்டு மழையில் நிற்கிறார்.